பழைய சாம்பியனுக்கு நேரடி என்ட்ரி கொடுக்கணுமா? பூல் போட்டியில இடம் கிடைக்கிற கணக்கு

எர்ல் ஸ்டிரிக்லாண்ட்னு ஒருத்தர், அமெரிக்காவுல வட கரோலினா ஆளு, 1961ல பொறந்தவர். பூல்ல நைன் பால்ங்கற வகை ஆட்டத்தோட உலக சாம்பியன்ஷிப்பை மூணு தடவை (1990, 1991, 2002), யூஎஸ் ஓப்பனை அஞ்சு தடவை (1984, 1987, 1993, 1997, 2000) ஜெயிச்சவர். இவர் அதே போட்டிகள்ல திரும்ப ஆடணும்னா மத்தவங்க மாதிரி பேர் கொடுத்து, பணம் கட்டி, ரேங்கிங் இருக்கான்னு பார்த்து, இல்லன்னா தகுதிச்சுற்று ஆடி உள்ள வரணுமா, இல்ல "ஐயா நீங்க நேரா உள்ள வாங்க"ன்னு கூப்பிடணுமா?

பெரிய போட்டிக்கு ஆட்டக்காரங்க பட்டியல் வர்றப்பல்லாம் இந்தக் கேள்வி கிளம்பிடும். ஒரு பக்கம் "அவர் இல்லாம இந்த ஆட்டமே இவ்ளோ தூரம் வந்திருக்காது"ன்னு சொல்றவங்க, இன்னொரு பக்கம் "இன்னைக்கு யார் நல்லா ஆடுறாங்களோ அவங்கதான் வரணும்"னு சொல்றவங்க. ரெண்டு பேரும் சொல்றது சரியாத்தான் படும், ஏன்னா ரெண்டு பேரும் பேசுறது வேற வேற விஷயம். "அழைப்பு"ங்கற ஒரே வார்த்தைக்குள்ள நாலு சலுகை ஒளிஞ்சிருக்கு, அதைப் பிரிச்சுப் பார்க்காம இந்தச் சண்டை தீராது.

முதல்ல, எந்த ஆட்டம்?

நம்ம ஊர் கிளப்புகள்ல பெரும்பாலும் பார்க்கிறது ஸ்னூக்கர் மேஜை, 12 அடி நீளம், சின்னப் பாக்கெட், 15 சிவப்புப் பந்து. பூல் மேஜை 9 அடிதான், பந்து கொஞ்சம் பெருசு, பாக்கெட்டும் அகலம். தொழில்முறை ஆட்டத்துல இப்போ அதிகம் பேசப்படுறது நைன் பால். 1லிருந்து 9 வரை நம்பர் போட்ட ஒன்பது பந்து, மேஜையில இருக்கிறதுல சின்ன நம்பரைத்தான் வெள்ளைப் பந்து முதல்ல தொடணும், 9ஆம் பந்தை யாரு விதிப்படி பாக்கெட்ல போடுறாங்களோ அந்த ரேக், அதாவது அந்த ஒரு ரவுண்டு, அவங்களுக்கு. முதல் எட்டுப் பந்தையும் எதிராளி போட்டிருந்தாலும் கடைசி 9 உங்க கையில விழுந்தா ரேக் உங்களுது. வழக்கமான விதிப்படி பிரேக்குலயே, அதாவது ரேக்கை ஆரம்பிக்கிற முதல் அடியிலயே, 9 விழுந்தாலும் ஜெயிச்சாச்சு.

ஒரு மேட்ச்ங்கறது "இத்தனை ரேக் யாரு முதல்ல எடுக்கிறாங்க"ங்கற ஓட்டம், அதைத்தான் ரேஸ்னு சொல்றாங்க. 9 வரை ரேஸ்னா முதல்ல 9 ரேக் எடுத்தவர் ஜெயிச்சார். ரேஸ் சின்னதா இருந்தா அதிர்ஷ்டத்துக்கு வேலை அதிகம், நீளமா இருந்தா திறமைக்கு வேலை அதிகம். இது பின்னாடி வர்ற கணக்குக்கு வேணும், ஞாபகம் வச்சுக்குங்க.

போட்டிக்குள்ள ஆள் எப்படி வர்றாங்க

பூல் போட்டிகள் மூணு மாதிரி.

1. ஓப்பன். பணம் கட்டுனா யாரும் ஆடலாம், இடம் தீர்ற வரைக்கும். யூஎஸ் ஓப்பன் இந்தப் பரம்பரை. 1976ல வர்ஜீனியா மாநிலம் நார்ஃபோக்ல பேரி பெர்மன் ஆரம்பிச்சது, முதல் வருஷம் ஜெயிச்சவர் மைக் சிகல். பெர்மன் 2016ல இறந்துட்டார், 2018ல மேட்ச்ரூம்ங்கற பிரிட்டிஷ் நிறுவனம் வாங்கிடுச்சு. 2019ல லாஸ் வேகஸ்ல 256 பேரை வச்சு நடத்துனாங்க, ஜெர்மனிக்காரர் ஜோஷுவா ஃபில்லர் ஜெயிச்சு 50,000 டாலர் வாங்கினார்.

2. ரேங்கிங் வழியா வர்றது. மொத்த இடம் இவ்ளோதான்னு கட்டிடுவாங்க, உலக சாம்பியன்ஷிப் மாதிரி 128 பேர். ரேங்கிங்ல மேல இருக்கிறவங்க, தகுதிச்சுற்று ஜெயிச்சவங்க, மீதி கொஞ்சம் வைல்டு கார்டு. வைல்டு கார்டுன்னா நடத்துறவங்க தங்கள் இஷ்டத்துக்குக் கொடுக்கிற இடம்.

3. அழைப்புப் போட்டி. வேர்ல்டு பூல் மாஸ்டர்ஸ் மாதிரி சின்னக் கூட்டம், இல்லன்னா மோஸ்கோனி கப் மாதிரி அணி ஆட்டம். மோஸ்கோனி கப் 1994லிருந்து ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதுறது, இப்போ பக்கத்துக்கு அஞ்சு பேர். இங்க நடத்துறவரோ கேப்டனோ ஆளைத் தேர்ந்தெடுக்கிறதுக்கு இடம் உண்டு. 2022ல ஸ்டிரிக்லாண்ட் 61 வயசுல அமெரிக்க அணியில ஆடினது இந்த வழியிலதான், யாருக்கும் அதுல பெரிய வருத்தம் இருக்க நியாயமில்லை, ஏன்னா அந்தப் போட்டியே "நாங்க தேர்ந்தெடுப்போம்"னு சொல்லித்தான் நடக்குது.

பந்தியோட ஒப்பிட்டா சுலபமா புரியும். ஓப்பன்ங்கறது வர்றவங்களுக்கெல்லாம் இலை போடுற பந்தி, ஒருத்தரைக் கூப்பிட்டு உட்கார வச்சா யாரும் எழுந்திருக்க வேண்டாம். ரெண்டாவது வகை 128 இலைதான். ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து உட்கார வச்சா ஏற்கனவே வாசல்ல நிக்கிற ஒருத்தர் பசியோட வீட்டுக்குப் போகணும். அதனால பழைய சாம்பியன் பிரச்சனை நிஜமாவே பிரச்சனையா இருக்கிறது ரெண்டாவது வகையில மட்டும்தான். ஓப்பன் போட்டியும் இடம் சீக்கிரம் தீர்ந்து காத்திருப்புப் பட்டியல் போட ஆரம்பிச்சா அதுவும் ரெண்டாவது வகைக்கு வந்துடும், பேர்ல ஓப்பன்னு இருக்கிறதால ஏமாந்துடக்கூடாது.

"அழைப்பு"ன்னா நாலு விஷயம்

1. இடம். டிராவுல, அதாவது யாரு யாரோட மோதுறாங்கங்கற பட்டியல்ல, பேர் நிச்சயம், தகுதிச்சுற்று ஆட வேண்டாம்.

2. என்ட்ரி ஃபீ தள்ளுபடி. இடம் உறுதி இல்லாமலே இதை மட்டும் கொடுக்கலாம், ரெண்டும் ஒண்ணில்ல.

3. சீடிங். டிராவுல மேல் வரிசை, அதாவது ஆரம்பச் சுற்றுகள்ல பெரிய ஆளுங்களோட மோதாம பார்த்துக்கிறது.

4. பயணச் செலவு, ஹோட்டல், சில நேரம் வந்ததுக்கே ஒரு தொகை. இது விளம்பரச் செலவு, ஆட்டத்தோட நியாயத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.

நாலாவதுல எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை, நடத்துறவர் தன் கைக்காசுல பிலிப்பைன்ஸ் பூல் ஜாம்பவான் எஃப்ரென் ரெயஸை மணிலாவுலருந்து கூட்டிட்டு வந்து ரெண்டு நாள் ரசிகர்களோட போட்டோ எடுக்க வச்சா அது அவர் பாடு, யானை இருந்தாலும் ஆயிரம் பொன்னுன்னு விட்டுடலாம். சிக்கல் மத்த மூணுல. அதுலயும் பேசாம விட்டுடறது ரெண்டாவதைத்தான், அதை முதல்ல பார்ப்போம்.

பூல்ல பரிசுப் பணம் எங்கருந்து வருதுன்னு தெரிஞ்சா ஏன்னு புரியும். டென்னிஸ் மாதிரி டிவி உரிமையும் டிக்கெட்டும் மொத்தத்தையும் தாங்குற ஆட்டம் இது இல்லை. பல போட்டிகள்ல ஆடுறவங்க கட்டுற ஃபீதான் பரிசுப் பணத்துல பெரிய பங்கு, அதுக்கு மேல நடத்துறவர் போடுற தொகைக்கு ஆடட் மணின்னு பேர். போட்டி விளம்பரத்துல "இவ்ளோ ஆடட்"னு போடுறதே இதனாலதான், ஆட்டக்காரங்க முதல்ல தேடுறது அந்த நம்பரைத்தான். இப்போ ஒரு கணக்குக்கு ஃபீ 1,000 டாலர், 20 பழைய சாம்பியன்களுக்கு தள்ளுபடின்னு வச்சுக்குங்க, 20,000 டாலர் குறையுது. அதை நடத்துறவர் போட்டுச் சரிக்கட்டுனா பிரச்சனை இல்லை. சரிக்கட்டலைன்னா மத்த ஆட்டக்காரங்க பாக்கெட்டுலருந்து எடுத்து சாம்பியனுக்கு மரியாதை பண்றோம்னு அர்த்தம். அடுத்தவன் தோட்டத்துப் பூவைப் பறிச்சு மாலை கட்டுற கதை. அதனால "ஃபீ தள்ளுபடி"ன்னு அறிவிப்பு வந்தா அடுத்த வரியில "அந்தத் தொகையை நாங்க போடுறோம்"னு இருக்கான்னு பாருங்க.

மத்த ஆட்டங்கள்ல என்ன பண்றாங்க

இந்த விவாதத்துல எப்பவும் முதல்ல இழுக்கிறது கோல்ஃப். அகஸ்டாவுல நடக்கிற மாஸ்டர்ஸ் போட்டியில ஒரு தடவை ஜெயிச்சா ஆயுசுக்கும் ஆடலாம். யூஎஸ் ஓப்பன் கோல்ஃப்ல 10 வருஷம். பிரிட்டிஷ் ஓப்பன்ல ரொம்ப நாளா 60 வயசு வரைக்கும்னு வரம்பு. அப்ப பூல்லயும் கொடுத்தா என்னங்கறாங்க.

மாஸ்டர்ஸ்லயே இது தலைவலி ஆகியிருக்கு. 2002ல அகஸ்டா கிளப் தலைவர் ஹூட்டி ஜான்சன், வயசான சில சாம்பியன்களுக்கு (டக் ஃபோர்டு, கே ப்ரூவர், பில்லி காஸ்பர்) இனிமே ஆட வராதீங்கன்னு கடிதம் போட்டார். 2004லிருந்து 65 வயசு வரம்புன்னும் அறிவிச்சாங்க. ஜாக் நிக்லாஸும் ஆர்னால்டு பாமரும் எதிர்த்துப் பேசினதுக்கு அப்புறம் அந்த வரம்பை அமலுக்கு வர்றதுக்கு முன்னாடியே வாபஸ் வாங்கிட்டாங்க. ஒரு தடவை ஆயுள் உரிமைன்னு கொடுத்துட்டா திரும்ப வாங்குறது எவ்ளோ அசிங்கமா முடியும்னு இதுல தெரியும்.

இன்னொரு பக்கம், 2009ல டர்ன்பெர்ரியில டாம் வாட்சன் 59 வயசுல பிரிட்டிஷ் ஓப்பனை கிட்டத்தட்ட ஜெயிச்சே விட்டார், கடைசிக் குழியில ஒரு அடி கூடிப்போய் பிளேஆஃப்ல ஸ்டூவர்ட் சிங்க் கிட்ட தோத்தார். பழைய சாம்பியன் உரிமை வேணும்ங்கறவங்க எல்லாரும் சொல்ற உதாரணம் இதுதான், நல்ல உதாரணமும்கூட.

ஆனா கோல்ஃபுக்கும் பூலுக்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் இருக்கு, இதைப் பெரும்பாலும் யாரும் சொல்றதில்லை. கோல்ஃப்ல எல்லாரும் மைதானத்தோட ஆடுறாங்க. 70 வயசு சாம்பியன் ஒருத்தர் வந்து 85 அடிச்சுட்டுப் போனா வேற யாரோட ஸ்கோரும் மாறாது, ரெண்டு நாள்ல கழிஞ்சுடுவார், அவ்ளோதான். பூல் நேருக்கு நேர் மோதுற நாக்அவுட். ஃபார்ம்ல இல்லாத ஒருத்தரை டிராவுல போட்டா அவரோட மோதுறவருக்கு சுலபமான முதல் சுற்று, பக்கத்து மேஜையில ஒருத்தருக்கு உலக நம்பர் 3. அந்த ஒரு இடம் டிராவோட எடையையே சாய்க்குது. ஆட்டக்காரங்க மொழியில சொன்னா அது சாஃப்ட் டிரா, லாபம் அடிக்கிறது அந்தப் பழைய சாம்பியன் இல்ல, அவர் எதிர்ல உட்கார்ந்த அதிர்ஷ்டசாலி.

ஸ்னூக்கர் பூலுக்கு இன்னும் பக்கத்துல இருக்கு. ஏழு தடவை உலக சாம்பியன் ஸ்டீஃபன் ஹென்ட்ரி 2012ல ஓய்வு பெற்றார், 2020ல அவருக்கு அழைப்பு டூர் கார்டு, அதாவது தொழில்முறைப் போட்டிகள்ல ஆடுற அனுமதி, கொடுத்தாங்க, ரெண்டு வருஷத்துக்கு. 2021 மார்ச்ல ஜிப்ரால்டர் ஓப்பன்ல மேத்யூ செல்ட் கிட்ட 4-1ன்னு தோத்தார், ஆனா அந்த மேட்ச்ல ஒரு செஞ்சுரி போட்டார், கூட்டத்துக்கு அது போதும். அடுத்து உலக சாம்பியன்ஷிப் தகுதிச்சுற்றுல ஜிம்மி ஒயிட்டை 6-3ன்னு ஜெயிச்சார். கவனிங்க, தகுதிச்சுற்றுதான். ஏழு தடவை ஜெயிச்சவரையும் முக்கியச் சுற்று நடக்கிற ஷெஃபீல்டு க்ரூசிபிள் அரங்கத்துல நேரா கொண்டுபோய் நிறுத்தலை, கதவு வரைக்கும் கூட்டிட்டுப் போனாங்க, உள்ள அவரா ஜெயிச்சுப் போகணும், அடுத்த மேட்ச்லயே தோத்து வெளிய வந்துட்டார். இதுல இன்னொரு வேடிக்கை, அதே மாதிரி அழைப்பு கார்டு வாங்கின ஜிம்மி ஒயிட் உலகப் பட்டத்தை ஜெயிச்சதே இல்லை, ஆறு ஃபைனல் தோத்தவர். அதாவது அவங்க கொடுத்தது பட்டத்துக்கு இல்ல, பேருக்கு. அதை வெளிப்படையா சொல்லிட்டாலே பாதி சண்டை குறையும்.

ஆறு தடவை உலக சாம்பியன் ஸ்டீவ் டேவிஸ் கதை இதுக்கு நேர் எதிர். 2010ல 52 வயசுல தகுதிச்சுற்று ஆடி உள்ள வந்தார், நடப்பு சாம்பியன் ஜான் ஹிக்கின்ஸை தோற்கடிச்சு காலிறுதி வரைக்கும் போனார். யாரும் இடம் கொடுக்கலை. இந்த டேவிஸ்தான் மோஸ்கோனி கப்லயும் ஐரோப்பாவுக்கு பல வருஷம் ஆடி, 2002ல ஸ்டிரிக்லாண்டையே ஜெயிச்சு கப்பை வாங்கிக் கொடுத்தவர்.

டென்னிஸ்ல ரெண்டே வரி. 2005 யூஎஸ் ஓப்பன் சாம்பியன் கிம் கிளைஸ்டர்ஸ் 2009ல வைல்டு கார்டுல வந்து பட்டத்தையே எடுத்துட்டுப் போனார். 2017ல பிரெஞ்சு ஓப்பன், ரெண்டு தடவை அங்க ஜெயிச்ச மரியா ஷரபோவாவுக்கு ஊக்கமருந்துத் தடை முடிஞ்சு வந்த சமயத்துல வைல்டு கார்டு தர மாட்டோம்னுடுச்சு. உரிமைன்னு எழுதி வச்சிருந்தா அந்த "மாட்டோம்" சொல்லியிருக்கவே முடியாது.

செஸ்லயும் உண்டு. உலக சாம்பியன் மிகைல் போட்வின்னிக் தோத்தா அடுத்த வருஷம் மறுஆட்டம்னு ஒரு விதி இருந்தது, அதை வச்சு 1958ல ஸ்மிஸ்லவ் கிட்டயும் 1961ல தால் கிட்டயும் பட்டத்தைத் திரும்ப வாங்கினார், அப்புறம் அந்த விதியையே தூக்கிட்டாங்க. நம்ம ஆனந்த் 2013ல சென்னையில கார்ல்சன் கிட்ட பட்டத்தை விட்டவர், தோத்த சாம்பியன்ங்கற முறையில சாம்பியனோட மோதப்போற ஆளைத் தேர்ந்தெடுக்கிற 2014 கேண்டிடேட்ஸ் போட்டியில நேரடி இடம் கிடைச்சு, அதை ஜெயிச்சே மறுபடி கார்ல்சன் முன்னாடி போய் உட்கார்ந்தார். நேரடி இடம் சரியா வேலை செஞ்ச கேஸ் இது. ஆனா பட்டத்தை விட்டு ஆறு மாசம்கூட ஆகாத ஆளுக்குக் கொடுத்த இடம், 20 வருஷம் கழிச்சு இல்லை.

யாரு சாம்பியன்?

"பழைய சாம்பியன்"னா யாருன்னு கேட்டா பூல்ல பதில் சுலபமில்லை. 1999ல மட்டும் ரெண்டு நைன் பால் உலக சாம்பியன். வேல்ஸ்ல கார்டிஃப்ல மேட்ச்ரூம் நடத்துனதை ரெயஸ் ஜெயிச்சார், ஸ்பெயின்ல அலிகாண்டேயில உலக அமைப்பான டபிள்யூபிஏ நடத்துனதை நிக் வார்னர் ஜெயிச்சார். ரெயஸ் பட்டத்தை உலக அமைப்பு பின்னாடிதான் ஏத்துக்கிச்சு. 2008லயும் 2009லயும் போட்டியே நடக்கலை. இதுபோக 8 பால், 10 பால் உலகப் பட்டங்கள் தனி. எல்லாரையும் சேர்த்தா பட்டியல் நீண்டுக்கிட்டே போகும்.

நைன் பால் உலகப் பட்டத்தை மட்டும் எடுத்தாலே 1990லிருந்து 25க்கும் மேற்பட்ட ஆளுங்க ஜெயிச்சிருக்காங்க. 128 பேர் டிராவுல 25ங்கறது அஞ்சுல ஒரு பங்கு. கேட்க பயமா இருக்கு, ஆனா இதுல ஒரு கழித்தல் போடணும். ஃபில்லர், ஃபெடோர் கோர்ஸ்ட், ஷேன் வான் போனிங், அல்பின் ஆஷன், கார்லோ பியாடோ, சான்செஸ் ரூயிஸ் இவங்கல்லாம் ரேங்கிங்லயே வந்துடுவாங்க, இவங்களுக்கு அழைப்பே தேவையில்லை. பாதிப் பேர் வயசாகி, வேற வேலைக்குப் போய், கூப்பிட்டாலும் வர மாட்டாங்க. ஆக நிஜமா பறிபோற இடம் சில இடங்கள்தான் இருக்கும். சின்ன நம்பர்தான், ஆனா அந்தச் சில பேருக்கு அது சின்ன நம்பர் இல்லை.

ஆயுள் உரிமைன்னா இன்னொரு கூத்தும் இருக்கு. தைவான்ல 2005ல வூ ஜியாசிங் உலக சாம்பியன் ஆனப்போ அவருக்கு வயசு 16. அவருக்கு ஆயுசுக்கும் ஒரு இடம்னா 2060 வரைக்கும் ஒரு நாற்காலியைத் துணி போட்டு வச்சிருக்கணும்.

வயசானா திறமை போயிடுமா?

போகாது, ஆனா குறையும். பூல்ல இதை அளக்க ஃபார்கோ ரேட்னு ஒரு முறை இருக்கு, ஜெயிச்ச தோத்த ரேக்குகளை வச்சு ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர். 800க்கு மேல போனா உலகத்தரம். 100 புள்ளி வித்தியாசம்னா மேல இருக்கிறவர் ரேக்குகளை 2க்கு 1ங்கற விகிதத்துல எடுப்பார்ங்கறது அதோட அடிப்படை.

இதை வச்சு கணக்குப் போடுவோம். பழைய சாம்பியன் 740, எதிராளி 840ன்னு வச்சுக்குங்க. ஒரு ரேக் ஜெயிக்க பழையவருக்கு மூணுல ஒரு வாய்ப்பு. 9 வரை ரேஸ் ஓட்டுனா அவர் மேட்ச் ஜெயிக்கிறது 100க்கு 7 அல்லது 8 தடவைதான். வித்தியாசம் 50 புள்ளின்னா நாலுல ஒரு தடவைக்குப் பக்கத்துல ஜெயிப்பார். அப்ப ஒரு மேட்ச்ல அதிசயம் நடக்கும், டிவியில பார்த்து கைதட்டலாம். ஆனா பட்டம் ஜெயிக்க அந்த மாதிரி ஏழெட்டு மேட்ச் வரிசையா எடுக்கணும். 25 சதவீதத்தை வரிசையா ஏழு தடவை பெருக்கிப் பாருங்க, ஒண்ணும் மிஞ்சாது.

"திரும்பி வந்து ஜெயிச்சவங்க இல்லையா?"ன்னு கேட்கலாம். இருக்காங்க, நிறையவே. ஸ்டிரிக்லாண்ட் 1991க்கு அப்புறம் 2002ல, சாவ் ஃபாங் பாங் 1993க்கு அப்புறம் 2000ல, தோர்ஸ்டன் ஹோமன் 2003க்கு அப்புறம் 2013ல, பியாடோ 2017க்கு அப்புறம் 2025ல ஜெத்தாவுல கோர்ஸ்ட்டை 15-13ன்னு ஜெயிச்சு. பெரிய பெரிய இடைவெளி. ஆனா இவங்க யாரும் ஆட்டத்தை விட்டுட்டுப் போய் அழைப்புல திரும்பி வந்தவங்க இல்லை, நடுவுல வருஷம் தவறாம ஆடிக்கிட்டே இருந்தவங்க. சலுகை இருந்திருந்தாலும் இல்லன்னாலும் அவங்க அங்க இருந்திருப்பாங்க. என் பார்வையில இந்த விவாதத்துலயே கனமான சாட்சி இதுதான்.

பேரை மட்டும் நம்பி ஒரு டூரே கிளம்பின கதையும் இருக்கு. 2005ல கெவின் ட்ருடோங்கறவர் ஆரம்பிச்ச ஐபிடி (இன்டர்நேஷனல் பூல் டூர்), பல வருஷமா போட்டி ஆட்டத்தை விட்டு விலகியிருந்த மைக் சிகலைக் கூட்டிட்டு வந்து பெண்கள் பூல் சாம்பியன் லோரி ஜான் ஜோன்ஸோட ஒரு சவால் மேட்ச் வச்சது, சிகல் ஜெயிச்சு 150,000 டாலர் வாங்கினார். அதே வருஷம் ஆர்லாண்டோவுல ஃபைனல்ல ரெயஸ் முன்னாடி நின்னப்போ வித்தியாசம் தெரிஞ்சு போச்சு, ரெயஸ் சுலபமா ஜெயிச்சார். 2006ல ரீனோவுல ரெயஸ் 500,000 டாலர் பரிசு ஜெயிச்சார், ஆனா ஐபிடியால பரிசுப் பணத்தைச் சொன்னபடி கொடுக்க முடியலை, டூர் சுருண்டுடுச்சு. பழைய பேர்கள் கூட்டத்தைக் கூட்டும்ங்கறது உண்மைதான், கல்லாவை நிரப்புமாங்கறது வேற கேள்வி.

ஆதரவாளர்கள் சொல்றதுல எது நிக்கும்

பார்க்க ஆள் வருவாங்கங்கறது நிக்கும், ஆனா அது வைல்டு கார்டுக்கான காரணம், உரிமைக்கான காரணம் இல்லை. நடத்துறவர் ஒவ்வொரு வருஷமும் யோசிச்சு ஒண்ணு ரெண்டு பேரைக் கூப்பிடட்டும்.

எனக்கு அதைவிட பலமாப் படுறது பணக் கணக்கு. 2024ல ஜெத்தாவுல நடந்த உலக சாம்பியன்ஷிப்ல மொத்தப் பரிசு 10 லட்சம் டாலர், ஜெயிச்ச கோர்ஸ்ட்டுக்கு 250,000. 2019 யூஎஸ் ஓப்பன் பரிசோட அஞ்சு மடங்கு. 80கள்லயும் 90கள்லயும் ஜெயிச்சவங்களுக்கு இந்தப் பணம் கனவுல கூட கிடையாது, ஓய்வூதியம் கிடையாது, பலர் பயிற்சி கொடுத்தும் கண்காட்சி ஆட்டம் ஆடியும்தான் பிழைச்சாங்க. அவங்க கட்டுன வீட்டுல இன்னைக்கு மத்தவங்க குடியிருக்காங்கங்கற உணர்வு நியாயமானது. ஆனா அந்தக் கடனை டிராவுல இடமா அடைச்சா கட்டுறது யாரு? நடத்துறவர் இல்லை. ரேங்கிங்ல ஒரு படி கீழ நின்னு இடம் போன பையன்தான் கட்டுறான். பணத்தால வந்த குறையை பணத்தாலயே தீர்க்கலாமே, கூப்பிட்டு மரியாதை பண்ணி, கமெண்டரி பெட்டியில உட்கார வச்சு, கண்காட்சி மேட்ச் வச்சு சம்பளம் கொடுக்கலாம். கோயில்ல பரிவட்டம் கட்டுறது வேற, தேரை யாரு இழுக்கிறதுங்கறது வேற.

அப்ப என்ன விதி வைக்கலாம்

நான் போடுறதா இருந்தா இப்படிப் போடுவேன்.

1. நடப்பு சாம்பியன் கண்டிப்பா உள்ள, முதல் சீடா. இதுல பேச்சே வேண்டாம்.

2. அந்தந்தப் போட்டியை ஜெயிச்சவங்களுக்கு அந்தந்தப் போட்டியில மட்டும் அஞ்சு வருஷம் நேரடி இடம். காயம், குடும்பம், விசா தடைன்னு ஒரு வருஷம் போனாலும் தாங்குற அளவு நீளம், நாற்காலி துருப்பிடிக்கிற அளவு இல்லை.

3. அதுக்கு அப்புறம் ஆயுசுக்கும் தகுதிச்சுற்றுல இலவச இடம். ஃபீயை நடத்துறவர் போடணும். ஹென்ட்ரிக்குக் கொடுத்த மாதிரி கதவு வரைக்கும்.

4. பழைய பட்டத்துக்கு சீடிங் எப்பவுமே கிடையாது. இடம் மட்டும் கொடுத்தா வாய்ப்பு பறிபோறது ஒரு ஆளுக்குத்தான். சீடிங் கொடுத்தா உலகத்தரத்துல இருக்கிற ரெண்டு பேர் முதல் சுற்றுலயே மோதி ஒருத்தர் வெளிய போறார், டிரா முழுக்க அதோட அதிர்வு போகும்.

5. தடையில இருக்கிறவங்களுக்கும் தடை முடிஞ்சு ஒரு வருஷம் ஆகாதவங்களுக்கும் ரெண்டாவதும் மூணாவதும் பொருந்தாது.

6. பதில் சொல்ல கடைசித் தேதி. இதை ஏதோ அலுவலக விஷயம்னு தள்ளிடுவாங்க, எனக்கு இதுதான் முக்கியம். அழைப்பு போன சாம்பியன் வர்றாரா இல்லையான்னு போட்டிக்கு மூணு மாசம் முன்னாடியே எழுத்துல சொல்லணும், சொல்லலைன்னா இடம் தானா காத்திருப்புப் பட்டியலுக்குப் போகணும். ஏன்னா அந்தப் பட்டியல்ல முதல் ஆள் பிலிப்பைன்ஸ்லயோ வியட்நாம்லயோ இருப்பார், அமெரிக்கா போக விசா நேர்காணலுக்குத் தேதி கிடைக்கவே வாரக்கணக்குல ஆகும், விமான டிக்கெட் விலை நாளுக்கு நாள் ஏறும். சாம்பியன் கடைசி வாரத்துல "உடம்பு சரியில்லை, வரலை"ன்னு சொல்லி, "உங்களுக்கு இடம் கிடைச்சிருக்கு, பத்து நாள்ல வந்துடுங்க"ன்னு அவருக்கு ஒரு மெயில் போனா, அதை வச்சு அவர் என்ன பண்ணுவார்?